ஒரே குடும்பத்துல மூணு சாமி ஏன்னு மகன் கேக்கான், குமரி மாவட்டத்துக்காரங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

தோவாளைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

போன வாரம் நாகர்கோவில் பக்கம் எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தில ஒரே வரிசைல உக்காந்திருந்தோம். எனக்கு வலது பக்கம் பெரியப்பா, சிஎஸ்ஐ சபை, சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ணை மூடி ஜெபம் பண்ணாரு. இடது பக்கம் மாமா, அய்யா வழி, நெத்தில நீளமா வெள்ளை நாமம். எதிர்ல எங்க அம்மை, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்து மஞ்சள் கயிறு கட்டியிருந்தாங்க. எங்களுக்கு இது சாதாரணம், சின்னதுல இருந்து பாக்குறதுதான், கிறிஸ்மஸ் கேக்கும் வரும், அய்யா வழிக்காரங்க கும்புடுற தாங்கல்ல இருந்து உம்பான் சாதமும் வரும், கொடைக்குப் பொங்கலும் வரும். ஆனா என் மகன் கோயம்புத்தூர்ல வளந்தவன், பன்னெண்டாவது படிக்கான், அவனுக்கு இது பெரிய ஆச்சரியம். வண்டில திரும்பி வரும்போது கேட்டான், ஒரே பாட்டாவோட வாரிசுதானேம்மா நீங்க எல்லாரும், எப்படி மூணாப் பிரிஞ்சீங்க, சண்டையான்னு.

சண்டை இல்லடா, அந்தக் காலம் அப்படின்னு சொன்னேன். எந்தக் காலம்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: எங்க பாட்டாவுக்கும் பாட்டா காலத்துல பனையேறுற அண்ணன் தம்பி மூணு பேர், மூத்தவர் வேதத்துல, அதாவது கிறிஸ்தவத்துல சேந்துட்டார், அடுத்தவர் அய்யா வைகுண்டர் இருந்த சாமித்தோப்புக்குப் போய்ட்டு வந்து தலைப்பாகை கட்டிட்டார், கடைசித் தம்பி இருந்த இடத்துலயே அம்மனைக் கும்புட்டுட்டு இருந்துட்டார். ஏன்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல.

அப்புறம் அவன் ஒண்ணு சொன்னான், அதுதான் மனசுல கெடந்து உறுத்துது. "மதம்னாலே மாத்தத்துக்குத் தடை போடுறதுதானேம்மா, அப்புறம் எதுக்கு ஒரு மதத்தை விட்டு இன்னொரு மதத்துக்குள்ள போனாங்க, மொத்தமா விட்டுட்டுப் போயிருக்கலாமே"ன்னான். பதில் சொல்ல முடியல. அவனை மட்டம் தட்டி அடக்கவும் எனக்கு இஷ்டம் இல்ல, நல்ல கேள்வியைத்தான் கேட்டிருக்கான். ஊர் உலகமே மாறுற நேரத்துல மதம் என்ன பண்ணுச்சு, நம்ம ஊர் கதையை வச்சே யாராவது சொல்ல முடியுமா?

மயிலாடிக்கல்:

பிள்ளே, நான் முப்பத்தஞ்சு வருசம் பள்ளிக்கூடத்துல சரித்திரம் நடத்தினவன், ஆனா இந்தக் கதை பாடப்புத்தகத்துல அரைப்பக்கம்தான் வரும், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுதேன்.

உனக்க பையனுக்கு மொதல்ல திருவிதாங்கூர் ராஜ்யம்னா என்னன்னு சொல்லணும். நம்ம மாவட்டம் தமிழ்நாட்டுல சேந்தது 1956 நவம்பர் 1 தான், அதுக்கு முன்னாடி எல்லாம் திருவனந்தபுரத்துல இருந்து ஆண்டாவ. இருநூறு வருசத்துக்கு முன்னாடி அங்க நாடார், ஈழவர், பறையர், புலையர் எல்லாருக்கும் சட்டம் வேற. இடுப்புக்கு மேல சேலை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழ துணி எறங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, பொம்பளைய குடத்தை இடுப்புல வச்சுக் கொண்டுபோகக்கூடாது. இத்தனை அடி தள்ளி நிக்கணும்னு ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கணக்கு. தலைக்கு வரி, ஏறுத பனைக்கு வரி. இது எல்லாம் தர்மம்னு சொல்லித்தான் நடந்துச்சு, ராஜாவே பத்மநாபசாமிக்குத் தாசன்னு பேரு வச்சு ஆண்ட நாடு. உனக்க மகன் தடைன்னு சொன்னாம்லா, அந்தப் பாதி சரிதான், அதை மறைச்சுப் பேசப்படாது.

இப்ப மத்த பாதி. 1806-ல ரிங்கல்தௌபேன்னு ஒரு ஜெர்மன்காரர், லண்டன் மிஷனரி சங்கத்துல இருந்து, எங்க மயிலாடிக்கு வந்தாரு. அவர் தானா வரல, மயிலாடிக்காரர் வேதமாணிக்கம் தேடிப்போய் அழைச்சதுல வந்தாரு, இது முக்கியம், நம்ம ஆளு தேடிப்போயிருக்காரு. அதுக்குப் பொறவு 1818-ல மீட் ஐயர், அவருக்குப் பின்னாலயே மால்ட் ஐயர், மிஷனரிமாரை இங்க ஐயர்னுதான் சொல்லுவாவ. பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், ஆஸ்பத்திரின்னு ஒண்ணொண்ணா வந்துச்சு. மால்ட் ஐயருக்க வீட்டம்மா நாகர்கோவில்ல பிள்ளையளுக்கு லேஸ் பின்னப் படிச்சுக் குடுத்தாவ. அடிமையாக் கெடந்த சில பொம்பளைய லேஸ் பின்னின காசைச் சேத்து வச்சு தங்களைத் தாங்களே மீட்டிருக்காவ. வகுப்புல இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைச்சுக்கிடும்.

வேதத்துல சேந்த பொம்பளைய குப்பாயம் போட ஆரம்பிச்சாவ. குப்பாயம்னா இப்ப உள்ள ஜம்பர் மாதிரி, கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் மூடுத சட்டை. 1814-ல கர்னல் மன்றோ, வெள்ளைக்காரக் கம்பெனிக்க பிரதிநிதியா இருந்த ரெசிடென்ட், அதுக்கு உத்தரவு குடுத்தாரு. ஆனா 1822-ல இருந்து சந்தைல, ரோட்டுல வச்சுச் சட்டையைக் கிழிக்கத் தொடங்கினாவ. 1829-ல அரசாங்கமே மேல்சீலை போடப்படாதுன்னு விளம்பரம் போட்டுச்சு. 1858 கடைசில மறுபடி கலவரம், ஜெப வீடும் பள்ளிக்கூடமும் தீவச்சாவ. மதராஸ் கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கின பொறவு 1859 ஜூலை 26-ல உத்திரம் திருநாள் மகாராஜா உத்தரவு போட்டாரு, குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியும் போத்தலாம்னு. அதுலயும் ஒரு கொக்கி, மேல்சாதிக்காரிய போடுத மாதிரி மட்டும் போடக்கூடாது. அம்பது வருசம் போராடி ஒரு சட்டை, அதுலயும் தையல் எப்படி இருக்கணும்னு ராஜா சொல்லுதாரு பாத்தியா.

நான் கண்ணால பாத்த ஒண்ணு சொல்லுதேன். எனக்க அப்பாவைப் பெத்த அம்மைக்கு 1965-ல எழுபது வயசுக்கு மேல இருக்கும். கிணத்துல தண்ணி கோரினா குடத்தைத் தலைலதான் வைப்பா, எவ்வளவு முடியாமப் போனாலும் இடுப்புல வைக்கமாட்டா. அந்தச் சட்டம் எல்லாம் போய் எத்தனையோ வருசம் ஆச்சு, அவ பொறக்கும்போதே இல்ல. ஏன் பாட்டி இடுப்புல வையேன்னு கேட்டேன். "எங்க அம்மை வைக்கமாட்டா, அவளுக்க அம்மையும் வைக்கமாட்டா"ன்னு மட்டும் சொன்னா. சபைல முன் பெஞ்சுல உக்காந்து பாட்டுப் பாடுறவ, வாய் விட்டுப் பேசுறவ, ஆனா இடுப்புக்கு மட்டும் விடுதலை வரல.

உங்க மூத்த பாட்டா ஏன் வேதத்துல சேந்தார்னா, அங்க போனா சட்டையும் உண்டு, ஏட்டுக்குப் பதிலா அச்சுப் புத்தகமும் உண்டு. ஆண்டவரும் உண்டு, அதையும் சேத்தே சொல்லுதேன், வெறும் சட்டைக்காக மட்டும் மாறினாவன்னு சொன்னா அவியளைக் கேவலப்படுத்துத மாதிரி ஆகும்.

தாங்கல்பேரன்:

சார் எழுதினதுக்கு நன்றி. ரெண்டாவது அண்ணன் கதையை நான் சொல்றேன், எங்க வீடு அந்தக் கிளைதான், எங்க பாட்டாவும் அப்பாவும் ஊர் நிழல்தாங்கல்ல பணிவிடை செஞ்சவங்க.

அய்யா வைகுண்டர் 1809-ல சாமித்தோப்புல பொறந்தவர், வீட்ல வச்ச பேரு முடிசூடும் பெருமாள், அந்தச் சாதில பொறந்தவனுக்கு முடியும் பெருமாளும் எதுக்குன்னு மேல் ஆளுங்க மாத்தச் சொன்னதால முத்துக்குட்டி ஆச்சுன்னு எங்க வழில சொல்வாங்க. 1833 மாசில திருச்செந்தூர் கடல்ல இறங்கி மூணாம் நாள் வைகுண்டரா வந்தார்னு நம்புறோம். இதை நீங்க நம்பணும்னு சொல்லல, உங்க மகன்கிட்ட அதுக்கு அப்புறம் நடந்ததை மட்டும் பாக்கச் சொல்லுங்க. சாமித்தோப்புல முத்திரிக்கிணறுன்னு ஒண்ணு இருக்கு, எந்தச் சாதியா இருந்தாலும் அதுலதான் குளிக்கணும், அதுலதான் குடிக்கணும், பக்கத்து ஊர்ல கிணத்துப் பக்கம் போனாலே அடி விழுற காலத்துல. சேந்து சமைச்சு சேந்து உக்காந்து சாப்பிட வச்சார். ராஜாவை நீசன்னு சொன்னார். சுவாதித் திருநாள் மகாராஜா சும்மா இருப்பாரா, 1838-ல பிடிச்சுட்டுப் போய் சிங்காரத்தோப்பு ஜெயில்ல வச்சாங்க, அடுத்த வருசம்தான் விட்டாங்க. மதம் மாத்தத்துக்குத் தடைன்னா ராஜா எதுக்கு ஒரு சாமியாரைப் பாத்துப் பயப்படணும்?

எனக்குச் சின்ன வயசுல புரியாத ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு தலைப்பாகை. வேற எந்தக் கோயில்லயும் சாமி முன்னாடி துண்டை எறக்கி இடுப்புல கட்டச் சொல்வாங்க, எங்க தாங்கல்ல மட்டும் தலைல கட்டாம உள்ள போகக்கூடாது. பாட்டாகிட்ட கேட்டேன். அவர் பேசல, தோள்ல கெடந்த துண்டை எடுத்து கக்கத்துல இடுக்கிட்டு முதுகை வளைச்சு வாயைப் பொத்திக் காமிச்சார், இப்படித்தான் நம்மாளு ரோட்டுல நிக்கணும்னார். அப்புறம் அதே துண்டை ஒரு உதறு உதறி மூணு சுத்து சுத்தி தலைல கட்டி நிமுந்து நின்னார். எனக்கு எட்டு வயசு இருக்கும், இன்னிக்கும் கண்ணுக்குள்ள இருக்கு, அந்தத் துண்டு சுத்தும்போது வந்த காத்து கூட.

இன்னொண்ணு கண்ணாடி. உள்ள சிலை இருக்காது, ஒரு கண்ணாடி, முன்னாடி விளக்கு. கும்புட நின்னா உன் மூஞ்சிதான் தெரியும். முன்னாடி நின்னு பாத்தா அழுக்குத் துண்டும் வெயில்ல கருத்த மூஞ்சியுமா நிக்கிற அந்தப் பனையேறிதான் தெரிவான், உனக்குள்ள இருக்கறதைக் கும்புடுன்னு அர்த்தம். அப்புறம் நாமம் தொட்டுத்தான் சாத்துவாங்க, எட்ட நின்னு போடுறது இல்ல, விரல் நெத்தில பட்டுத்தான் ஆகணும். தொட்டா தீட்டுன்னு இருந்த ஊர்ல தொடுறதையே பூசை ஆக்கிட்டார் அய்யா. தாங்கல்லயே எழுத்துப் படிச்சுக் குடுத்த ஊர்களும் உண்டு.

மொத்தமா விட்டுட்டுப் போயிருக்கலாமேன்னு உங்க மகன் கேக்குறான். தம்பி, எங்க போறது? நீ கீழ்சாதின்னு கடவுள் பேர்ல சொன்னவன்கிட்ட, இல்ல நான் மனுசன்னு திருப்பிச் சொல்ல நம்மாளுக்குக் கடவுளை விட்டா வேற பாஷை கிடைக்கல.

சாலைத்தெரு:

நல்ல பதிவுகள், ஆனா நான் கொஞ்சம் மாறுபடுறேன், கோவிச்சுக்காதீங்க, எனக்கும் இது ரொம்ப நெருக்கமான விஷயம். வீடு சுசீந்திரம், தாணுமாலயன் கோயில் கோபுரத்தைப் பாத்துட்டே வளந்தவன்.

அந்தக் கோயிலைச் சுத்தி இருக்க தெருவுல நடக்குறதுக்கே 1926-ல சத்தியாகிரகம், 1930-ல மறுபடியும், டாக்டர் எம்.இ. நாயுடு மாதிரி ஆளுங்க முன்ன நின்னாங்க. அதுக்கு முன்னாடி 1924 மார்ச் 30-ல வைக்கம், பெரியார் போய் ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனார், தெருவுல நடக்குறதுக்குத்தான். சாமி கும்புட இல்ல, நடக்க. இந்தச் சண்டைல முன்னாடி நின்னவங்கள்ல பக்தரும் உண்டு, சாமியே இல்லன்னவரும் உண்டு. புலையர் தலைவர் அய்யன்காளி 1893-ல வில்லுவண்டி கட்டிப் பொதுரோட்டுல ஓட்டினார், எந்த சாமி பேரையும் சொல்லி ஓட்டல, எனக்கும் ரோடு உண்டுன்னு ஓட்டினார். அதனால கடவுளை விட்டா வேற பாஷை இல்லன்னு தாங்கல்பேரன் சொல்றதை என்னால முழுசா ஏத்துக்க முடியல.

1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேச விளம்பரத்தை எடுத்துக்கோங்க. சித்திரைத் திருநாள் மகாராஜா கையெழுத்துப் போட்டார், திடீர்னு தர்மம் புரிஞ்சா போட்டார்? ஈழவர்கள் கூட்டம் கூட்டமா வேற மதத்துக்குப் போறோம்னு பேச ஆரம்பிச்சிருந்தாங்க, போய்ட்டா எண்ணிக்கை என்ன ஆகும்னு அரண்மனைல கவலை வந்தாச்சு. வெளிய போற வாசல் தெறந்து கெடந்ததாலதான் உள்ள வர்ற வாசல் தெறந்துச்சு. இதுல இன்னொரு மதம் பக்கத்துல இருந்தது உதவிச்சுன்னு வேணா சொல்லலாம், அதை மறுக்கமாட்டேன்.

அப்புறம் மாறிப்போன இடத்துலயும் எல்லாம் சரியாகிடலையே. பக்கத்துல வடக்கன்குளம், திருநெல்வேலி மாவட்டம், அங்க கத்தோலிக்கக் கோயிலையே 1872-ல கால்சட்டை மாதிரி ரெண்டு காலாக் கட்டினாங்க, ஒரு கால்ல ஒரு சாதி, இன்னொரு கால்ல இன்னொரு சாதி, நடுவுல சுவர், சேருற எடத்துல பீடம். அந்தச் சுவர் 1910-லதான் இடிஞ்சுது, கௌசானல் அடிகளார் இடிச்சார், அதுக்கும் கேஸ் கோர்ட்டுன்னு போனாங்க. சேசுவை நடுவுல வச்சுட்டு ரெண்டு பக்கமும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்காம பூசை கண்டிருக்கான்.

தோவாளைப்பூ அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா. உங்க பந்தில மூணு மதமும் ஒண்ணா உக்காந்தாங்க, ரொம்ப அழகு. மூணு மதமும் ஒரே சாதிதானே? புலையர் வீட்டு ஆளு அந்த வரிசைல இருந்தாரா? குத்திக் காட்ட கேக்கல, எங்க வீட்டுப் பந்தியும் அப்படித்தான்.

மயிலாடிக்கல்:

சாலைத்தெரு தம்பி கேட்டது நியாயம். 1855-ல திருவிதாங்கூர்ல அடிமை ஒழிப்பு வந்துச்சு, சங்கத்து ஐயமாரும் அதுக்காக மனு மேல மனு எழுதினாவ. ஆனா அதே ஐயமாருக்க சபைல பறையர் சபை தனி, நாடார் சபை தனின்னு ஆன ஊரு உண்டு, எனக்க சொந்தச் சபைக்குப் பக்கத்துலயே உண்டு, அதை எனக்குத் தெரியாதுன்னு சொல்லமாட்டேன். நாங்க சட்டைக்காக அழுதோம், அடுத்தவனுக்குச் சட்டை இருக்கான்னு பாக்கல.

கடலோரத்தா:

இவ்வளவு நேரம் வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், அரபிக்கடல் பக்கம் ஒரு மீனவக் கிராமம், பேர் வேண்டாம். நீங்க எல்லாம் நூறு இருநூறு வருசத்துக்கு முந்தி நடந்ததைச் சொல்றீங்க, நான் எங்க கத்தோலிக்கக் கோயில் மணியைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

1982 மார்ச்சுல மண்டைக்காடு கலவரம், இந்துக்களுக்கும் கிறிஸ்தவங்களுக்கும் நடுவுல. எங்க அம்மா அப்ப என்னை வயித்துல வச்சிருந்தாங்க. அதுக்கு முந்தி மண்டைக்காட்டம்மன் கொடைக்கு எங்க ஊர்ப் பொம்பளைங்களும் போவாங்களாம், வளையல் வாங்கி வருவாங்களாம், மாசி மாசம்னாலே கொண்டாட்டம். அந்த வருசம் மணி அடிச்சுது, ஆம்பளைங்க எல்லாம் கைல கெடச்சதை எடுத்துட்டு ஓடினாங்கன்னு அம்மா சொல்வாங்க. துப்பாக்கிச் சூடு, சாவு, குடிசை எரிஞ்சது, எல்லாம். குன்றக்குடி அடிகளார் நேர்ல வந்து ரெண்டு பக்கமும் பேசினார், எங்க குப்பத்துக்குள்ள காவி கட்டுன ஒருத்தர் நடந்து வந்ததை அம்மா இப்பவும் சொல்வாங்க. அதுக்கப்புறம் அம்மா கொடைக்குப் போகல. வளையல் ஆசை மட்டும் போகல.

2017 நவம்பர் கடைசில ஒக்கிப் புயல். என் மாமா ஆழ்கடல்ல இருந்தார். அரசாங்கத்துக்கிட்ட எத்தனை பேர் கடலுக்குப் போனாங்கங்கிற கணக்கே இல்ல. கணக்கு எங்க இருந்துச்சுன்னா கோயில்ல இருந்துச்சு. மணி அடிச்சாங்க, ஊரே முற்றத்துல கூடுச்சு, பங்குத்தந்தை ஒரு நோட்டை விரிச்சு வச்சு அன்பியம் அன்பியமா (அன்பியம்னா பக்கத்து வீடுகள் சேந்த சபைக் குழு), வீடு வீடாப் பேர் கேட்டு எழுதினார், போட் பேரு, போன தேதி, கூடப் போனது யாரு. பேர் சொல்லும்போது அத்தை ஒவ்வொரு எழுத்தா சொன்னாங்க, தப்பா எழுதிட்டா வராமப் போய்டுவாரோன்னு. டிசம்பர் 7-ல குழித்துறை ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்குல தண்டவாளத்துல உக்காந்தோம், சாமியார்மாரும் கன்னியாஸ்திரிகளும் சேந்து உக்காந்தாங்க. அன்னிக்கு எங்களுக்கு ரொட்டியும் தண்ணியும் கொண்டு வந்து குடுத்தவங்கள்ல ஊர் உள்பக்கத்து இந்து ஆளுங்களும் இருந்தாங்க, நெத்தில திருநீறு இருந்துச்சு, நான் பாத்தேன்.

மாமா வரல.

அதே மணிதான். ரெண்டு தடவையும் அதே கயிறுதான். உங்க பையன்கிட்ட இதையும் சொல்லுங்க அக்கா.

தோவாளைப்பூ:

ஒவ்வொண்ணையும் மூணு தடவை வாசிச்சேன், கடலோரத்தா தம்பி எழுதினதை மட்டும் சத்தமா வாசிக்க முடியல, மகன்தான் போனை வாங்கி மிச்சத்தை வாசிச்சான். உங்க மாமாவுக்காக எங்க வீட்ல இன்னிக்கு விளக்கு போட்டோம்.

சாலைத்தெரு தம்பி கேட்ட கேள்விக்கு உண்மையச் சொல்றேன், அந்த வரிசைல இல்ல. சமையலுக்கு வந்தவங்கள்ல இருந்தாங்களான்னு கூட நான் கவனிக்கல. என் மகன் அதைத்தான் பிடிச்சுக்கிட்டான், "அப்ப மூணு அண்ணன் தம்பியும் ஏறுனாங்க, ஏணியைக் கீழ விடலையாம்மா"ன்னான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா தடைதானேன்னு மொதல்ல சொன்ன மாதிரி இப்ப சொல்லல அவன். மயிலாடி சார் பாட்டியோட குடத்தையும் பாட்டா துண்டு சுத்துனதையும் நோட்ல எழுதி வச்சிருக்கான். அம்மைக்கும் போன் போட்டு, பாட்டி நீங்க குடத்தை எங்க வைப்பீங்கன்னு கேட்டான். இடுப்புலதான் மக்களே, ஏன்னு கேட்டாங்க. அவனுக்கு என்ன சந்தோசம்னு சொல்ல முடியாது.

சாமித்தோப்புக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம், அப்படியே மயிலாடி, சுசீந்திரமும். பெரியப்பாவும் வர்றேன்னு சொல்லிட்டார், சபைக்காரர் முத்திரிக்கிணத்துல குளிக்கலாமான்னு கேக்குறார். தாங்கல்பேரன் தம்பி, எந்த நாள் வந்தா நல்லது?

தாங்கல்பேரன்:

பெரியப்பாவைத் தாராளமா வரச் சொல்லுங்க அக்கா, அந்தக் கிணத்துல நீ யாருன்னு யாரும் கேக்கமாட்டாங்க, கேக்கக்கூடாதுன்னு தோண்டுன கிணறு அது. தமிழ் மாசத்து மொத ஞாயிறு வந்தா கூட்டம் ஜாஸ்தி, ஆனா தம்பி பாக்க வேண்டியது அந்தக் கூட்டத்தைத்தான். காலைல சீக்கிரம் வந்துடுங்க. ஆளுக்கொரு துண்டு எடுத்துட்டு வாங்க, தம்பிக்கு நான் கட்டி விடுறேன். சாலைத்தெரு அண்ணே, கடலோரத்தா, நீங்களும் வாங்க, மத்தியானச் சாப்பாடு எங்க வீட்ல.

சாலைத்தெரு:

வர்றேன் தம்பி. கூட ஒரு நண்பன் வருவான், ஸ்கூல்ல இருந்து ஒண்ணாப் படிச்சவன், எங்க வீட்டுப் பந்தில இதுவரைக்கும் உக்காந்ததில்ல. அவனுக்கும் சேத்து எலை போடுங்க.